பழைய மனைகளைப் பார்க்கப் போகும் முறை



திருக்கழுக்குன்றத்து மலையும், திருப்போரூர் முருகன் சந்நிதியும், மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கோவிலும், மாமல்லபுரத்துக் கற்றளிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் செங்கல்பட்டுப் பிரதேசத்தில், விடுமுறை நாளில் ஒரு குடும்பம் வேறெங்கே போவதைப் பற்றி யோசிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படிப் போய் வளர்ந்தவன்தான். அந்த வழக்கத்தைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. ஆனால் தெய்வங்கள் குடிகொண்ட இடங்களை இத்தனை சிரத்தையோடு தேடித் தேடிப் பார்த்த நாம், நம்மைப் போன்ற மனிதர்கள் பிறந்து, சமைத்து, உண்டு, பிள்ளை பெற்று, கணக்கு எழுதி, மூப்படைந்து மறைந்த வீடுகளைப் பார்ப்பதற்கென்று ஒரு நாளும் புறப்பட்டதில்லை என்பதை எண்ணும்போது, நம் சரித்திர அறிவில் ஒரு பெரிய பகுதி வெறுமையாகக் கிடக்கிறதென்றே எனக்குத் தோன்றுகிறது. பொதுமக்கள் பார்ப்பதற்கென்று கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கும் பழைய மாளிகைகளையும் மனைகளையும் பார்க்கப் போவது எப்படி, எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதே இன்று மாலை நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம்.

மாமல்லபுரத்திலிருந்தே தொடங்குகிறேன். பஞ்ச ரதங்கள் என்று நாம் அழைக்கும் ஒற்றைக்கல் கோவில்களின் வரிசையில் எல்லாவற்றிலும் சிறியதாக, வடகோடியில் நிற்பது திரௌபதி ரதம். ஏழாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட அந்தக் கோவிலின் மேற்புறத்தை நின்று நோக்குகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தவறாமல் காண்பார்கள்: அது ஒரு கூரை வீடு. நான்கு புறமும் சரிந்து இறங்கும் கீற்றுக் கூரையின் வளைவை, அதன் மூலைகளின் தடிப்பை, கருங்கல்லில் அப்படியே கொண்டுவந்திருக்கிறான் சிற்பி. பக்கத்திலுள்ள பீம ரதத்தின் நீண்ட வளைகூரையும், சகாதேவ ரதத்தின் யானை முதுகு போன்ற பின்புற வளைவும், அக்காலத்தில் மரத்தாலும் மூங்கிலாலும் கீற்றாலும் கட்டப்பட்ட கட்டிடங்களின் கல் வடிவங்களே. அங்கிருந்து சற்றுத் தூரத்திலுள்ள கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் ஒருவன் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. பல்லவர் காலத்து இல்லறம் நமக்கு எஞ்சியிருப்பது இவ்வளவுதான். கோவிலின் கல் நின்றுவிட்டது. அந்தக் கல்லுக்கு மாதிரியாக இருந்த வீடு ஒன்றுகூட நிற்கவில்லை. காஞ்சியில் அரசு புரிந்த மன்னர்களின் அரண்மனை எப்படி இருந்தது என்பதைக்கூட நாம் கண்ணால் காண முடியாது.

வீடு மண்ணாலும், மரத்தாலும், சுண்ணாம்பாலும், ஓட்டாலும் ஆனது. வருஷந்தோறும் ஓடு மாற்றி, கீற்று வேய்ந்து, சுவருக்கு வெள்ளையடித்து, மரத்துக்கு எண்ணெய் தடவிப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் உள்ளே இருக்கிறவரையில் அது நூறு, இருநூறு வருஷங்கள் தாராளமாக நிற்கும். குடும்பம் பூட்டிவிட்டுப் பட்டணம் போய்விட்டால், நான்கு மழைக்காலத்தில் உத்திரம் ஊறி, ஐந்தாவது மழைக்காலத்தில் முற்றத்துத் தாழ்வாரம் சரிந்துவிடும். கோவிலுக்கு ஊர் முழுவதும் காவல்; வீட்டுக்கு அதன் சொந்தக்காரர் ஒருவரே காவல். அவரும் பங்காளிகளோடு பாகம் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டாரானால், மரத்தின் விலைக்கு அந்த வீட்டை வாங்கிப் பிரித்துப் போக ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

செட்டிநாட்டில் நடந்தது அதுதான். நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தனவைசியத் தொழில் செய்து ஈட்டிய பொருளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக மாளிகைகளை எழுப்பினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு கப்பலில் வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. பிறகு 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும், சுதந்திர பர்மாவில் நிலங்கள் தேசவுடைமையானதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்தச் செல்வத்தின் வேரையே பறித்துவிட்டன. வீடு நின்றது, வீட்டைத் தாங்கிய வருமானம் நிற்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் சார்த்தி வைத்திருக்கும் தூண்களையும் கதவுகளையும் நிலைகளையும் பார்த்தவர்கள், அவை ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து கழற்றப்பட்டவை என்பதை மறக்க மாட்டார்கள்.

அப்படிப் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த வீடுகளைக் கண்டு மனம் பொறாதவர்களில் ஒருவர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து, தமிழகத்தில் வாழ வந்த கலை வரலாற்று அறிஞர் அவர். 1984-இல் மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பைத் தோற்றுவித்து, தென்னாட்டு நான்கு மொழிப் பிரதேசங்களின் வீடுகளையும் கைத்தொழில்களையும் ஓரிடத்தில் காத்து வைக்க வேண்டும் என்று முயன்றார். அரசாங்கம் குத்தகைக்குத் தந்த பத்து ஏக்கர் நிலத்தில், நம் மாவட்டத்துக் கடற்கரையிலேயே, முட்டுக்காட்டில், 1996 டிசம்பர் 14 அன்று திறக்கப்பட்டதே தக்ஷிணசித்ரா. எளிய கட்டிடக் கலையில் பேர்பெற்ற லாரி பேக்கர் அதற்கு அமைப்புத் திட்டம் வகுத்தார். அவர் வழி வந்த பென்னி குரியாகோஸ் அதைத் தொடர்ந்து நிறைவேற்றினார். இன்று அங்கே பதினெட்டு வீடுகள் நிற்கின்றன.

இந்த எண்ணம் உலகத்துக்குப் புதிதன்று. சுவீடன் தேசத்தில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர், ஆலைத்தொழில் பெருகிக் கிராமங்கள் காலியாவதைக் கண்டு, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குடியானவர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, ஸ்டாக்ஹோம் நகரத்தில் 1891-இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளிக் காட்சிச்சாலையை அமைத்தார். பிற்காலத்தில் பல தேசங்களில் எழுந்தவற்றுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி. ஆங்கிலேயர் வேறு வழியில் போனார்கள். 1895-இல் அங்கே தோன்றிய நேஷனல் டிரஸ்ட், வாரிசு வரியைக் கட்ட முடியாமல் திணறிய பிரபுக்களின் மாளிகைகளை, அவை நின்ற இடத்திலேயே, தோட்டத்தோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் ஏற்றுக்கொண்டு, கட்டணம் வைத்து ஜனங்களுக்குத் திறந்துவிட்டது. வீட்டை இடம் பெயர்ப்பது, இருந்த இடத்திலேயே காப்பது என்ற இந்த இரண்டு வழிகளும் தமிழ்நாட்டில் இன்று இருக்கின்றன. பிரயாணம் போகிறவர் இரண்டையும் பார்க்க வேண்டும். எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. முதலில் முட்டுக்காடு, பிறகுதான் மற்றவை.

ஏனென்றால், வீட்டைப் பார்ப்பதும் ஒரு படிப்பு. எழுத்தைக் கற்றுக்கொண்ட பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும். நேரே காரைக்குடிப் பக்கத்து மாளிகை ஒன்றுக்குள் நுழைகிறவர், தூணின் பருமனைக் கண்டு வியந்து, விளக்கின் விலையை விசாரித்து, தூணருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, அரைமணியில் வெளியே வந்துவிடுகிறார். அவர் கண்ணில் பட்டது செல்வம், வீடு படவில்லை. முட்டுக்காட்டிலோ ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நூறு தப்படி தூரம். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வேறெங்கும் கிடைக்காது. அங்கே செட்டிநாட்டு வணிகர் வீடு நிற்கிறது. அதன் முகப்பையும் திண்ணையையும் கடந்து உள்ளே போனால் வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றி அறைகளும். அதைப் பார்த்துவிட்டு அக்கிரகாரத்து வீட்டுக்குப் போங்கள்: அங்கும் திண்ணை உண்டு, ரேழி உண்டு, கூடம் உண்டு, முற்றம் உண்டு, ஆனால் வீடு ஒடுங்கி, பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கிட்டுக்கொண்டு, நீளவாக்கில் ஓடுகிறது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டில் தறியே வீட்டின் எஜமானன். மற்றவை எல்லாம் அதற்கு இடம்விட்டு ஒதுங்கியிருக்கின்றன. தஞ்சாவூர் விவசாயி வீட்டில் நெல்லுக்குத்தான் முதல் மரியாதை.

அங்கிருந்து கேரளப் பகுதிக்கு நடந்தால் சுவரே மரமாகிவிடுகிறது. கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெற்களஞ்சியமும் வாழ்விடமும் ஒரே மரக்கட்டுக்குள் அடங்கியிருப்பதையும், இடைவிடாத மழைக்கு அஞ்சிக் கூரை எவ்வளவு செங்குத்தாகச் சரிந்து எவ்வளவு தாழ்வாக இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டில் சுவர் கல்லாகிறது. அந்த வறண்ட நாட்டில் மரம் அரிது, கல் எளிது. விசாகப்பட்டினக் கடற்கரைப் பக்கத்து வட்டமான மண் வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். புயற்காற்று மோதுவதற்கு அங்கே மூலையே இல்லை, காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். தமிழர் வீடு அழகா, மலையாளத்தார் வீடு அழகா என்று கேட்க வந்தவர்கள், இந்த நான்கையும் பார்த்த பிறகு, மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு, அருகில் கிடைத்த பொருள் எது, அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட தொழில் எது என்று கேட்கத் தொடங்குவார்கள். வீடு பார்ப்பதற்கு வேண்டிய எழுத்துக்கள் இவைதாம்.

இங்கே மற்றொரு விஷயத்தையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த வளாகத்தில் வணிகர் வீட்டோடு குயவர் வீடும் இருக்கிறது. கூடை முடைகிறவர் வீடும் இருக்கிறது. உலகெங்கும் காக்கப்படுகிறவை பெரும்பாலும் பெரிய வீடுகளே. மன்னனும் ஜமீன்தாரும் வணிகரும் வாழ்ந்த இடங்களைத்தான் கட்டணம் கொடுத்துப் பார்க்கிறோம். அவர்களுக்குப் பானை வனைந்து, கூடை முடைந்து, சுண்ணாம்பு அரைத்து, கல் சுமந்தவர்களின் வீடுகளைக் காக்க நினைத்தவர்கள் மிகச் சிலரே. பழைய மாளிகையின் முற்றத்தில் நின்று பெருமூச்சு விடும்போது, அந்தத் திண்ணைக்கு மேல் ஏறக்கூடாதென்று நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் யார், இரண்டாம் கட்டைத் தாண்டி முன்கட்டுக்கு வர உரிமையில்லாமல் ஆயுளைக் கழித்த பெண்கள் யார் என்பதையும் நினைக்காதவர் அந்த வீட்டைப் பாதிதான் பார்த்திருக்கிறார். ஆகையால் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் குயவர் வீட்டைப் பத்து நிமிஷத்தில் கடந்துவிடாமல், அங்கே சக்கரம் சுழலுவதைக் கண்டு, மண்ணைத் தொட்டுப் பார்த்து, அந்தக் குறுகிய வீட்டுக்குள் ஒரு குடும்பம் எப்படிப் படுத்து உறங்கியிருக்கும் என்று யோசிக்க அவகாசம் கொடுக்க வேண்டுகிறேன்.

பெயர்த்து நட்ட வீடு உண்மையான வீடாகுமா என்று ஒரு கேள்வி உண்டு. கேள்வி நியாயமானதே. அந்த வீடு நின்ற தெரு அதனோடு வரவில்லை, எதிர் வீடு வரவில்லை, ஊருணி வரவில்லை, அடுப்பில் புகை இல்லை, மாடத்தில் விளக்கேற்றியவர்கள் இல்லை. மண்ணையும் கீற்றையும் பெயர்த்துக் கொண்டுவரவும் இயலாது. அப்படிப்பட்ட வீடுகளை அந்த முறை தெரிந்த கைகளைக் கொண்டு மறுபடி கட்டத்தான் வேண்டும். ஆயினும், பிரிக்கப்பட்ட வீட்டின் தூண் ஒரு ஹோட்டல் வரவேற்பறையிலும், கதவு வேறொரு தேசத்துச் சாப்பாட்டு மேஜையாகவும் போய்ச் சேருவதைக் காட்டிலும், அவை தம் உறவோடு ஒன்றாக நிற்பது ஆயிரம் மடங்கு மேல் என்பதே என் தீர்ப்பு. குறையை நிறைவு செய்வதற்குத்தான் இரண்டாவது பிரயாணம் இருக்கிறது.

அதற்கு முன், முதல் பிரயாணத்தின் ஏற்பாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிடுங்கள். செங்கல்பட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் விடியற்காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சேர்ந்து, வெயில் ஏறுமுன் திரௌபதி ரதத்தையும் பீம ரதத்தையும் மட்டும் வீடு என்ற நோக்கத்தோடு பார்த்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், முட்டுக்காட்டில் கதவு திறக்கும் பத்து மணிக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். மார்கழி, தை, மாசி உத்தமம். சித்திரை, வைகாசியில் போவதானால் நடுப்பகலில் வெளியே அலையாமல் ஏதாவதொரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுங்கள். சாலையில் அனல் பறக்கும் நேரத்தில் அந்தத் திண்ணை எவ்வளவு குளிர்ச்சி என்பதை உடம்பு அறிவதும் பாடத்தின் ஒரு பகுதியே. மழைக்காலத்தைத் தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. நானோ ஐப்பசியில் ஒருமுறையேனும் போகச் சொல்வேன். நான்கு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து முற்றத்தில் தண்ணீரைக் கொட்டுவதையும், அது எங்கே ஓடி எங்கே வடிகிறது என்பதையும் மழையில்லாமல் எப்படி அறிவது?

வீட்டிலுள்ள முதியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நடக்க முடியாது, எதற்குச் சிரமம் என்று பாட்டியை வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போவது பெரிய நஷ்டம். அடுக்களையில் உறி எதற்கு, அம்மிக்குப் பக்கத்தில் அந்தச் சிறிய குழி எதற்கு, குதிரில் அடியில் மட்டும் ஒரு வாய் எதற்கு, கூடத்துத் தூணில் அந்த இரும்பு வளையம் எதற்கு என்று எந்தப் பலகையும் எழுதிச் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். அவற்றையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளச் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.

இனிச் செட்டிநாட்டுக்குப் போவோம். இப்பொழுது காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் உல்லாசப் பிரயாணிகள் நிறைய வருகிறார்கள். பிள்ளையார்பட்டியில் தரிசனம், அங்கிருந்து ஒரு மாளிகை, ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை, காரைக்குடியில் சாப்பாடு, மாலைக்குள் மதுரை என்று ஒரே பகலில் முடித்துவிடுகிறவர்களே அதிகம். இது வேண்டாம். காரைக்குடியில் இரண்டு இரவு தங்குங்கள். ஒரு பகலில் ஒரு வீட்டுக்கு மேல் பார்க்காதீர்கள். ஆத்தங்குடியில் பெரிய வீடு என்று சொல்லப்படும் லட்சுமி விலாசம் கட்டணத்துக்குத் திறந்திருக்கிறது. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் போன்ற மாளிகைகள் தங்கும் விடுதிகளாகி, அதனாலேயே பிழைத்திருக்கின்றன. வீட்டை விடுதியாக்குவதைச் சிலர் இழிவாகப் பேசுகிறார்கள். ஓடு மாற்றப் பணம் தருகிற எந்த நேர்மையான வழியும் எனக்குச் சம்மதமே.

முகப்பில் நின்று வாசல் நிலையின் செதுக்கலைப் பார்த்துத் திகைத்த பிறகு, உள்ளே வாருங்கள். பட்டாலையில் கொடுக்கல் வாங்கல் நடந்தது. வளவைச் சுற்றிய இரட்டை அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனுக்கும், தனித்தனி இடம். அந்தக் கூட்டு வாழ்க்கையில் சமையல் தனி, சடங்கு பொது. இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும் பெண்களுக்கும் சமையலுக்கும் உரியவை. சுவரைத் தொட்டுப் பாருங்கள்: சுண்ணாம்பும் மணலும் கருப்பட்டியும் கடுக்காயும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பல பூச்சாகப் பூசிக் கல்லால் தேய்த்த சுவர் அது, நூறு வருஷமாகியும் முகம் பார்க்கலாம். தரையில் ஆத்தங்குடிப் பூக்கல்; கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வர்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற அந்தத் தொழில் இன்றும் அந்த ஊரில் நடக்கிறது. பட்டறையில் அரை நாள் செலவிடுவது வீண்போகாது.

பிறகு தெருவில் இறங்கி நடங்கள். இந்த நடையில்தான் முட்டுக்காட்டில் கிடைக்காதது கிடைக்கும். மழை குறைந்த அந்தப் பூமியில், கூரைத் தண்ணீர் முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஊருணிக்கும் போய்ச் சேரும்படி ஊரையே அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீடும் அந்த ஏற்பாட்டில் ஓர் அங்கம்; வீட்டைத் தனியாகப் பிரித்தெடுத்தால் இந்த அர்த்தம் போய்விடுகிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்திய அரசாங்கம் 2014-இல் சேர்த்ததும், தனி மாளிகைகளாக அல்லாமல் ஊர்த்தொகுதிகள் என்ற முறையிலேதான். பூட்டிக் கிடக்கும் வீடுகளை வழி நெடுகக் காண்பீர்கள். அவற்றின் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள். திறந்திருக்கும் வீட்டிலும் கேட்காமல் நுழையாதீர்கள். அவை இன்னமும் குடும்பங்களுக்குச் சொந்தம். கலியாணத்துக்கும் படைப்புக்கும் உறவினர் கூடும் இடங்கள். காவல் பார்க்கும் பெரியவரிடம் பணிவாகக் கேட்டால் சில கதவுகள் திறக்கும். திறக்காவிட்டால் வருத்தப்படாமல் நகர்ந்துவிடுவதே மரியாதை.

அரண்மனைகளைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை, ஒன்றைத் தவிர. மதுரையில் 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மஹால் கம்பீரமானதே. ஆனால் இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். அதுவும் சபை மண்டபமாக நிற்கிறதேயன்றி, மனிதர் வாழ்ந்த தடயம் அதில் குறைவு. நான் சொல்ல வந்தது பத்மநாபபுரம். தக்கலைக்கு அருகில், வேணாட்டரசர்கள் பரம்பரையாகக் கட்டி விஸ்தரித்து, மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரும்பாலும் புதுப்பிக்கப்பட்டு, 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரையில் ராஜ கிருகமாக விளங்கிய அந்த மர அரண்மனை, கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று நம் மாநிலத்தோடு சேர்ந்த பிறகும், கேரள அரசாங்கத்தின் தொல்பொருள் துறை வசமே இருந்து வருகிறது. தமிழ் மண்ணில் நிற்கும் வீட்டை அண்டை மாநிலம் இத்தனை வருஷங்களாகக் கண்ணும் கருத்துமாகப் பேணி வருவதை நன்றியோடு சொல்ல வேண்டும். அங்கே திங்கட்கிழமை விடுமுறை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். அந்தக் கறுத்த தரையின் வழுவழுப்பும் குளிர்ச்சியும் பாதத்துக்குத் தெரிய அது நல்ல விதிதான். மந்திரசாலை என்ற சபைக்கூடத்தில் பலகணிகளின் வழியே மங்கிய ஒளி விழுகிறது. அவ்வளவு சிறிய அறையிலிருந்து ஒரு ராஜ்யம் ஆளப்பட்டது. பல நூறு பேர் அமர்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரையோ அதைவிடப் பன்மடங்கு பெரியது. அரசனின் மேன்மை சபையில் தெரிந்ததா, பந்தியில் தெரிந்ததா என்பதை அங்கே நின்று யோசிக்கலாம். முட்டுக்காட்டில் புதுப்பள்ளி வீட்டின் கூரையைப் பார்த்தவர்களுக்கு, இந்த அரண்மனையும் அதே தச்சர் மரபின் பெரிய வடிவம் என்பது சொல்லாமலே விளங்கும்.

பார்க்கத்தக்க பழைய வீடு என்றால் பெரிதாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு நம்மில் பலருடைய பாட்டனார் வீட்டைவிடச் சிறியது. 2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சீர்செய்து, அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணிக்கும்படி செய்தது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும், சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் இறுதிக் காலத்தில் வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாகத் திறந்திருக்கின்றன. கணிதமும் கவிதையும் எந்த அளவு இடத்தில் பிறந்தன என்பதைக் கண்டு வர மாணவர்களை அழைத்துப் போங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு நம் மாவட்டத்தைப் பற்றிய ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. செங்கல்பட்டுக் கோட்டை விஜயநகரத்தார் காலத்தது. 1752-இல் கிளைவ் கைப்பற்றியது. ரெயில் பாதை அதன் ஊடே போகிறது. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையும், செதுக்கு வேலை மிகுந்த அவர்களுடைய கல்லறைகளும் இருக்கின்றன. கடப்பாக்கத்துக்கு அருகே ஆலம்பரையில் கடலோரக் கோட்டை இடிந்து கிடக்கிறது. போர் செய்தவர்களும் வியாபாரம் செய்ய வந்த அந்நியர்களும் விட்டுப்போன மதில்கள் நம்மிடம் இருக்கின்றன. ஏரிப் பாசனத்துக்குப் பேர்போன இந்தப் பிரதேசத்தில் ஏர் உழுதும் தறி நெய்தும் வாழ்ந்த நம் முன்னோரின் வீடு ஒன்று, நின்ற இடத்திலேயே, நம் பிள்ளைகள் போய்ப் பார்க்கும்படி எங்கே திறந்திருக்கிறது? முட்டுக்காடு இல்லையென்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். மதுராந்தகத்திலும் உத்திரமேரூர்ச் சாலையிலும் திருக்கழுக்குன்றத்து மாடவீதிகளிலும் மரத்தூண் திண்ணை வீடுகள் இன்னும் சில நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் அவற்றின் வரிசையில் ஒரு பல் விழுவதையும் பார்த்திருப்பீர்கள்.

வீட்டைப் பார்க்க வருகிறவன் வெறும் பார்வையாளன் அல்லன். அவன் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் போகிறது. அவன் வந்து போவதால்தான் கதவு தினமும் திறந்து, காற்றும் வெளிச்சமும் உள்ளே போகின்றன. நம் வீட்டைப் பார்க்க ஊரார் வருகிறார்களே என்ற எண்ணம் சொந்தக்காரருக்கு உண்டாகிறபோது, மர வியாபாரிக்குச் சொல்ல அவரிடம் ஒரு மறுமொழி இருக்கிறது. ஆகையால் இலவச அனுமதி கேட்டு வாசலில் வாதாடாதீர்கள். சுவரில் பெயர் கீறாதீர்கள். காட்டித் தருகிறவருக்குக் கையில் ஏதேனும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இந்தச் சபையில் பழைய வீட்டுக்குச் சொந்தக்காரர்களும் சிலர் இருப்பீர்கள். இடிக்க வேண்டிய நிர்ப்பந்தம் வந்துவிட்டதென்றால், இடிப்பதற்கு முன் ஒரு மாதம் தவணை கொடுங்கள். அந்த அவகாசத்தில் கட்டிடக் கலை பயிலும் மாணவர்களை அழைத்து, அடி அங்குலம் தவறாமல் அளந்து வரைபடம் எழுதி, புகைப்படம் எடுக்கச் செய்யுங்கள். இடிக்கும் எண்ணம் இல்லாதவர்கள், வருஷத்தில் ஒரு நாள், பொங்கலுக்கு வெள்ளையடித்த மறுவாரம், உங்கள் தெருப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வீட்டைத் திறந்து விடுங்கள். திண்ணையில் உட்கார வைத்து அந்த வீட்டின் கதையைச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, கோடை விடுமுறைக்கு முன் உங்கள் வகுப்பை ஒரு நாள் முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம்.